சிவப்பு நாடிக்காரி

ஆழிக்கோட்டையின் கடைசிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கும். வேட்டைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் அதில்தான் எழுதிப் போடுவார்கள். அன்றைக்கும் அதே வாசகம்தான்.

'மோப்பன் வேட்டை. ஒரு ஆள் தேவை. பச்சை மட்டும். சிவப்பு தள்ளி நிற்கவும்.'

நண்டு தள்ளி நின்றாள்.

நண்டு என்பது விளையாட்டுக்குள் அவள் பெயர். வெளியே அவள் மரிய ஜெனோவா, வீட்டில் ஜெனோ. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியில் அவள் வீட்டு மாடியறையில், கண்ணை மூடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்களுக்குப் பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே அவள் ஒரு இரும்பு மலை. உச்சந்தலை முதல் குதிகால் வரை ஓட்டுக்கவசம். அதைச் செய்ய, கடலடியில் மாதக்கணக்கில் சிப்பி பொறுக்க வேண்டும். கூட்டாளிகள் உள்ள எவனும் அந்த வேலைக்குப் போக மாட்டான். தனியாக விளையாடுகிறவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

தனியாக என்னென்ன முடியுமோ அத்தனையும் அவள் முடித்துவிட்டாள். வரைபடத்தில் அவள் கால் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற கறுப்புத் திட்டு. அங்கே கடல் இருக்கிறது. கதவில் காதை வைத்தால் அலைச் சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே அவள் தினமும் வருவாள். ஆனால் கதவைத் திறக்க, அதைக் காக்கிற மோப்பன் என்ற மிருகத்தைக் கொல்ல வேண்டும். மோப்பனிடம் நாலு பேராகத்தான் போக முடியும். தனி ஆளை விளையாட்டு உள்ளேயே விடாது.

நாலு பேர் என்றால் பாக்கி மூன்று பேரும் மனிதர்கள். சிக்கலே அதுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் காப்பு.

மணிக்கட்டில் மாட்டுகிற மெல்லிய வளையம் அது. நாடித் துடிப்பை நொடிக்கு நொடி அளந்து சொல்லும். நெஞ்சு வலிக்காரர்களுக்காக வந்த சாமான், பிறகு எல்லாருக்கும் வந்தது. ஆழிக்கோட்டைக்குள் காப்பு இல்லாமல் நுழைய முடியாது. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு சுடர் எரியும். நிதானமாக இருந்தால் பச்சை, பதறினால் மஞ்சள், பயந்தால் சிவப்பு. கூடவே துடிப்பின் எண்ணிக்கையும் தெரியும். ஒளிக்க வழியே கிடையாது.

விளையாட்டோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் ஓட்டக் காப்பு, நேர்முகத் தேர்வுக்குக் காப்பு. 'நல்ல உத்தியோகம், பச்சை நாடி' என்று மாப்பிள்ளை விளம்பரம்கூட வர ஆரம்பித்தது. நாடியை இறக்குகிற மாத்திரை மருந்துக் கடையில் மிட்டாய் மாதிரி விற்றது. ஜெனோவின் கல்லூரியில் ஒரு பையன் அதில் ரெண்டை ஒன்றாக விழுங்கிவிட்டு, தேர்வு அறை வாசலிலேயே சுருண்டு விழுந்தான்.

ஜெனோ மாத்திரை போடவில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு தேர்வில், 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்றார்கள். 'மை நேம் இஸ்' என்று ஆரம்பித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் எண்ணிக்கை ஏறியது. நூற்று நாற்பத்தொன்று. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ரிலாக்ஸ்மா" என்றார் தேர்வாளர். நூற்று ஐம்பத்திரண்டு. 'ஐ ஆம் ஃப்ரம்' என்பதோடு அவள் குரல் நின்றுபோனது. எந்த ஊர் என்று கடைசி வரை அவள் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் வாய் திறப்பதில்லை. விளையாட்டில் மைக்கை அணைத்தே வைத்திருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தட்டச்சு செய்வாள், எழுத்து தலைக்கு மேல் மிதக்கும்.

பலகையைப் பார்த்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பி நடந்தாள்.

"இன்னாம்மா நண்டு! டெய்லி வந்து கதவாண்ட காத வெச்சுக்கினு, அப்பாலிக்கா எஸ்கேப் ஆயிடற? வூட்டுக்காரன் உள்ள மாட்டிக்கினானா?"

பேசியவன் ஒரு வில்லாளி. தலைக்கு மேல் 'கருவாடு' என்ற பெயர். காசிமேட்டுக்காரன், காலையில் மீன் ஏலத்தை முடித்துவிட்டு மதியம் விளையாட வருகிறவன். ஜெனோவின் சுடர் மஞ்சளிலிருந்து குபீரென்று சிவப்புக்குப் பாய்ந்தது. நூற்று முப்பத்தாறு.

"ஐயய்யோ, இன்னாத்துக்கு இப்டி? நான் கலாய்ச்சேம்மா, அவ்ளோதான்!"

"ஏன் பிள்ளையைப் பயப்பிடுத்துறாய், கருவாடு?" என்றது இன்னொரு குரல். அது 'டொக்டர்'. காயம் ஆற்றுகிற வேலை என்பதால் அந்தப் பெயர். நிஜத்தில் யாழ்ப்பாணத்தில் டியூஷன் சொல்லிக் கொடுக்கிற அக்கா. "நீ நில்லு பிள்ளை. அவன்ர வாய் அப்பிடித்தான்."

இருவருக்கும் பின்னால், மார்பில் கை கட்டி நின்றிருந்தார் படைத்தலைவர். பெயர் 'இடிமுழக்கம்'. திருப்பூர்க்காரர். கோட்டையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் சுடர் எப்போதும் இலைப் பச்சையில் எரியும். எண்ணிக்கை ஐம்பத்து நாலு. மலையே இடிந்து விழுந்தாலும் ஐம்பத்து நாலு. அவர் படை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வேட்டைக்குப் போகும், வேறு எந்த நேரத்திலும் போகாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கோட்டையே கண் அயர்கிற நேரத்தில் வேட்டையாடுவதும் ஒரு வீரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இத்தனை நிதானம் இருந்தும் மோப்பனிடம் அவர்கள் தொடர்ந்து தோற்றார்கள். கடைசித் தோல்வியில் அவர்களுடைய நாலாவது ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டான். அந்த இடத்துக்குத்தான் பலகை.

"ஏனுங் நண்டு, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் இடிமுழக்கம். "செவப்புக்கு இங்க எடமில்லீங். மோப்பன் பயத்த மோந்துட்டு வர்றது. பயந்த ஆள உள்ள கூட்டீட்டுப் போனா, விருந்து வெச்ச மாதிரி ஆயிப்போயிருமுங்."

அவர் சொன்னது உண்மை. மோப்பனுக்குக் கண் கிடையாது. உடம்பில் பாதி மூக்கு. உள்ளே இருக்கிற நாலு பேரில் யாருடைய நாடி அதிகமாக அடிக்கிறதோ, அவர் மேல்தான் அது பாயும். அதனால்தான் ஊரெல்லாம் பச்சைக்கு அலைந்தது.

ஜெனோ பதில் சொல்லாமல் ஓடியிருப்பாள். ஆனால் கோட்டைச் சுவரில் இடிந்த பகுதி ஒன்று உண்டு. அதில் ஏறி உட்கார்ந்தால் உள்ளே நடக்கிற வேட்டை தெரியும். மாதக்கணக்கில் அவள் பொழுது அங்கேதான் போயிருந்தது. இவர்கள் தோற்ற வேட்டைகளையும் பார்த்திருந்தாள். தோற்ற காரணமும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத அரிப்பு, பயத்தைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தது.

தட்டச்சு செய்தாள். தலைக்கு மேல் எழுத்து மிதந்தது.

'நீங்க எல்லாரும் பச்சையா இருக்கதுதான் பிரச்சினை.'

"என்னது?" என்றார் இடிமுழக்கம்.

'ஒருத்தருக்கு எழுவது, ஒருத்தருக்கு எழுவத்தி ரெண்டு. எல்லாம் கிட்டக் கிட்ட. அதனால அது ஒரு நொடி அங்க, ஒரு நொடி இங்கன்னு தாவுது. யார்ட்ட வரும்னு உங்களுக்கும் தெரியல. தெரியாம இருக்கயிலதான் டொக்டரக்கா மாட்டுறாங்க. அவுங்க விழுந்ததும் எல்லாரும் விழுறீங்க.'

அவள் தொடர்ந்து அடித்தாள்.

'ஒரே ஒரு ஆள் நல்லாச் செவப்பா இருந்தா, அது அந்த ஆள விட்டு நவுராது. எங்க வரும்னு முன்னாடியே தெரியும். அந்த ஆளுக்குக் கனமான கவசம் இருந்தாப் போதும்.'

கருவாடு அவளை மேலும் கீழும் பார்த்தான். ஓட்டுக்கவசத்தைப் பார்த்தான். தலைக்கு மேல் எரிகிற சிவப்பைப் பார்த்தான்.

"தலீவரே" என்றான் மெதுவாக. "இந்தப் பொண்ணு சொல்றது சோக்காகீதுபா."

"சோக்காவுமில்ல, ஒண்ணுமில்ல! வேட்டைங்கிறது நெஞ்சொரம் இருக்கறவன் பண்றதுங். என்னைய மாதிரி..."

"தம்பி" என்று டொக்டர் குறுக்கே வந்தார். "உங்கட நெஞ்சுரத்தோட போய்த்தானே ஒவ்வொரு நாளும் நான் செத்துச் செத்து வாறன்? ஒருக்கால் இந்தப் பிள்ளையின்ர பயத்தோட போய்ப் பாப்பம்."

இடிமுழக்கம் முனகினார். ஆனால் பலகையிலிருந்து வாசகத்தை அழித்தார்.

முதல் முயற்சி கேவலமாக முடிந்தது.

மோப்பனின் குகை ஒரு திறந்த மைதானம் மாதிரி இருந்தது. அது எழுந்து நின்றபோது பஸ்ஸுக்குக் கால் முளைத்த மாதிரி தெரிந்தது. மூக்கைத் தூக்கியது, உறிஞ்சியது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேராக ஜெனோவைப் பார்த்துத் திரும்பியது. அவள் கணக்கு சரிதான். கணக்கில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று, அவள் கால். அது அவளைக் கேட்காமலே ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடினவள் நேராக டொக்டரைத் தாண்டி ஓடினாள். பின்னால் வந்த மோப்பன் டொக்டரை மிதித்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

நாலு பேரும் மறுபடி குகைக்கு வெளியே வந்து விழுந்தார்கள்.

"நா அப்பவே சொன்னனுங்" என்றார் இடிமுழக்கம். ஐம்பத்து நாலு.

'ஸாரி' என்று அடித்தாள் ஜெனோ. 'நா போறேன்.' நாற்காலியிலிருந்து எழுந்து கண்ணாடியைக் கழற்றக் கையைக்கூட வைத்துவிட்டாள்.

"பிள்ளை, போகாதை" என்றார் டொக்டர். கோபமே இல்லாத குரல். "ஒண்டு கேக்கிறன். அது உன்னட்டத்தான் வருமெண்டு உனக்குத் தெரியும்தானே?"

'தெரியும்.'

"வந்து அடிச்சா உன்ர கவசம் தாங்குமெண்டும் தெரியும்தானே?"

'தெரியும்.'

"பிறகென்ன? நெஞ்சு அடிக்கட்டும். அது தன்ர வேலையைச் செய்யட்டும். நீ கால மட்டும் பாத்துக்கொள்."

"கால்ல ஆணி அட்சுக்கோ" என்றான் கருவாடு. "ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு சந்து கீதில்ல? அதுல போயி நண்டு மாரி சொருகிக்கோ. ஓடணும்னு தோணினாலும் ஓட முடியாது."

ஜெனோ சிரித்துவிட்டாள். மைக் அணைந்திருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை. எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் குறைந்தது.

இரண்டாம் முயற்சியில் அவள் அந்தச் சந்தில் போய்ச் சொருகிக்கொண்டாள். கேடயத்தை முன்னால் நட்டாள். மோப்பன் வந்தது. தரை அதிர்ந்தது. கீழே அம்மா மிக்ஸி போட்டிருந்தாள், அந்த அதிர்வும் சேர்ந்துகொண்டது. நூற்று நாற்பத்தெட்டு. மூக்கு கேடயத்தில் மோதியது. கவசம் கிறீச்சிட்டது. தாங்கியது.

"அங்கியே நிக்குதுபா! அது நவுரவே இல்ல!" கருவாட்டின் குரல் கிறீச்சென்று உயர்ந்தது. "தலீவரே, முதுவு மொத்தமும் தொறந்துகீது, வாங்க!"

வந்தார்கள். அடித்தார்கள். இத்தனை நாள் எங்கே திரும்பும் என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தவர்கள், இப்போது நிம்மதியாக முதுகில் நின்று அடித்தார்கள். கருவாட்டின் அம்பு ஒன்றுகூட வீணாகவில்லை. டொக்டர் பார்க்க வேண்டியிருந்தது ஜெனோவை மட்டும்தான். மோப்பனின் உயிர் பாதிக்குக் கீழே இறங்கியது. இந்தப் படை அதைப் பார்த்ததே இல்லை.

ஜெனோவுக்கு உடம்பெல்லாம் ஏதோ செய்தது. எல்லாரும் தள்ளி நிற்கச் சொன்ன சிவப்பு. அதைச் சுற்றித்தான் இப்போது மொத்த வேட்டையும் சுழன்றது. மோப்பன் வலப்பக்கம் சாய்ந்தால் கேடயத்தை வலப்பக்கம் சாய்த்தாள். இடம் என்றால் இடம். அட, இது வருகிற தாளம்கூடப் பழகிவிட்டதே! அவளுக்கு ஜாலியாக இருந்தது.

அங்கேதான் வந்தது வினை.

ஜாலி வந்ததும் பயம் போய்விட்டது. நூற்று முப்பது. நூற்றுப் பதினைந்து. நூற்று நாலு. சுடர் மஞ்சளானது. மோப்பன் மூக்கைத் தூக்கி, லேசாகத் தலையை ஆட்டியது. கடையில் மிளகாய்ப் பொடியை முகர்ந்து பார்த்து, காரம் போதவில்லை என்கிற மாதிரி.

அதே நேரம் திருப்பூரில் கரண்ட் போனது.

அது மற்ற மூவருக்கும் எப்படித் தெரிந்தது என்றால், இடிமுழக்கத்தின் மைக்கில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிச் சத்தம் சட்டென்று நின்றது. கண்ணாடியும் காப்பும் பேட்டரியில் ஓடுகிறவை, அவற்றுக்கு ஒன்றுமில்லை. விசிறி நின்றதும் ஒரு கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தூக்கக் கலக்கத்தில் ஒரு கரகரப்பான ஆண் குரல், அதுவும் மைக்கில் தெளிவாகக் கேட்டது.

"ஏன்டா மாப்ள... என்ற கையில என்னடா இது, என்னமோ மினுக்கு மினுக்குங்குது? அய்யோ! பாம்பாடா? டேய்ய்!"

இடிமுழக்கத்தின் ஐம்பத்து நாலு, நூற்று இருபத்தொன்பதுக்குப் பாய்ந்தது. கோட்டை வரலாற்றில் முதன்முறையாக அவர் சுடர் ரத்தச் சிவப்பானது.

"மச்சா, அது பாம்பில்ல மச்சா! காப்பு! படுங்க, ஆட்டாதீங்க..."

மோப்பன் அப்படியே திரும்பியது. இடிமுழக்கம் போட்டிருந்தது மெல்லிய தோல் கவசம். தன்மேல் எதுவும் பாயாது என்று தெரிந்தவருக்கு அதற்கு மேல் என்ன தேவை? ஒரே அடி. படைத்தலைவர் குகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு கீழே வழிந்தார். அவர் சுடர் அணைந்தது.

"யோவ்!" என்று கத்தினான் கருவாடு. "யாரு கையில மாட்டிக்கினு ஆடினுகீற நீ?"

"மச்சானுங்" என்றது தரையில் கிடந்த இடிமுழக்கத்தின் குரல். இடி எல்லாம் போய் முழக்கம் மட்டும் மெலிதாகப் பாக்கியிருந்தது. "நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுப் பகல்ல தூங்குவாருங். நல்ல தூக்கமுங். அதுனாலதான்..."

"பிறகு கதைப்பம்!" என்றார் டொக்டர். "என்னட்ட வருது!"

வந்துகொண்டிருந்தது. டொக்டருக்கு நூற்று ஒன்பது, கருவாட்டுக்கு நூற்று ஆறு, ஜெனோவுக்குத் தொண்ணூற்று ஒன்பது. டொக்டர் விழுந்தால் எல்லாம் முடிந்தது. மோப்பனிடம் பாக்கியிருந்தது ஒரு கீற்று உயிர்தான். ஆனால் கருவாட்டின் வில்லுக்கு அதைத் தீர்க்க இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது சந்துக்குத் திரும்பியாக வேண்டும்.

பயப்படு, என்று ஜெனோ தனக்குத்தானே சொன்னாள். பயப்படுட்டி!

பல்லியை நினைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. சுழலில் மாட்டின படகை நினைத்தாள். நூற்று இரண்டு. போதாது. வாழ்நாள் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டபோதெல்லாம் வாசலில் வந்து நின்ற பயம், வா என்று கூப்பிடும்போது எங்கேயோ ஒளிந்துகொண்டது. டொக்டர் பின்வாங்கிக்கொண்டே இருந்தார். சுவர் வந்துவிட்டது.

எதற்குத்தான் பயப்படுவேன் நான்?

பதில் அவள் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. அது மைக்கைத் திறந்தது.

உடனே வேலை செய்தது. சின்ன சிவப்புப் புள்ளி ஒன்று கண்ணோரத்தில் எரிய, அவள் மூச்சுச் சத்தம் மூன்று பேர் காதிலும் விழுகிறது என்று தெரிந்ததுமே நூற்று இருபத்தாறு. வாயைத் திறந்தாள். நூற்று முப்பத்தெட்டு.

"ஏல..." கிழிந்த துணி மாதிரி வந்தது குரல். "ஏல மோப்பா! இங்க வால!"

மோப்பன் நின்றது. மூக்கு திரும்பியது.

"ஆரது?" என்றார் டொக்டர். "நண்டோ?"

மேலே என்ன பேசுவது? தலையில் ஒன்றுமில்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. நூறு தடவை மனப்பாடம் செய்து, ஒரு தடவைகூட முடிக்காமல் தொண்டைக்குள்ளேயே கிடந்த அது.

"மை நேம் இஸ்..." கேடயத்தை நட்டாள். "மை நேம் இஸ் மரிய ஜெனோவா!"

நூற்று ஐம்பத்தேழு. சுடர் அவள் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்தது. குகை முழுக்கச் சிவந்தது. மோப்பன் டொக்டரை மறந்துவிட்டுத் தரையைப் பிராண்டிக்கொண்டு அவளை நோக்கி ஓடி வந்தது.

"ஐ ஆம் ஃப்ரம்..."

குரல் நின்றது. அங்கேதான் எப்போதும் நிற்கும். மூக்கு கேடயத்தில் இடித்தது. முட்டி மடங்கியது. யாரோ சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"எந்த ஊரு? சொல்லும்மா!" என்று அடித்தொண்டையில் கத்தினான் கருவாடு. அம்பு விட்டுக்கொண்டே.

"தூத்துக்குடி!" என்று அலறினாள் ஜெனோ. "ஐ ஆம் ஃப்ரம் தூத்துக்குடி! மை ஃபாதர் இஸ் எ போட் டிரைவர்! மை மதர் இஸ் எ ஹவுஸ் வொய்ஃப்! மை ஹாபீஸ் ஆர்... மை ஹாபீஸ் ஆர் பிளேயிங் கேம்ஸ்!"

"பிளேயிங்கு சூப்பரு! அப்பாலிக்கா?"

"மை ஸ்ட்ரென்த் இஸ் ஹார்ட் வொர்க்!" மோப்பன் இடித்தது. "மை வீக்னெஸ்..." மறுபடி இடித்தது. கவசத்தில் விரிசல் விட்டது. டொக்டரின் வெளிச்சம் வந்து அதை ஒட்டியது. "மை வீக்னெஸ் இஸ்... பயம்ல! பயம்! எனக்குப் பயமாருக்கு! அதுக்கென்னல இப்ப? நிக்கேம்லா! பாத்தியா? நிக்கேன்!"

கருவாட்டின் கடைசி அம்பு மோப்பனின் முதுகில் போய்ப் புதைந்தது.

அது ஒரு முறை நீளமாக உறிஞ்சியது. அவள் காலடியில் மூக்கை வைத்துப் படுத்தது. பிறகு எழவில்லை.

கருவாடு ஊளையிட்டான். டொக்டர் "என்ர கடவுளே, என்ர கடவுளே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தரையில் கிடந்த இடிமுழக்கத்தை டொக்டர் தட்டி எழுப்பினார். எழுந்தவர் ஜெனோவுக்கு முன்னால் வந்து நின்றார். கையைக் கட்டவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டிருந்தார்.

"ஏனுங் ஜெனோவா" என்றார். முதல் தடவையாக அவள் நிஜப் பெயரைச் சொன்னார். "என்ற நெஞ்சு இந்தக் குகைக்குள்ள வந்தா நூத்தி முப்பதுக்குக் கீழ எறங்குனதே இல்லீங். தலைவன்னு கூப்பட ஆரம்பிச்சுட்டாங்க... அப்புறம் எப்படிங் காட்டறது?"

"மச்சான் கைய வெச்சுக்கினு சிங்கம் கணக்கா சீன் போட்டியே" என்றான் கருவாடு. "அந்தாளத்தான் தலீவரா போடணும். தூங்கினே இத்தினி வேட்ட ஆடிகிறாரு!"

பின்னணியில் மச்சான் குரல் கேட்டது. "மாப்ள, ஜெயிச்சாச்சாடா?"

கதவு தானாகத் திறந்தது.

கடல் இருந்தது. கறுப்புத் திட்டாக இருந்த இடத்தில் இத்தனை நீலம். அலைகள் கதவு வரைக்கும் வந்து அவர்கள் கால்களை நனைத்துவிட்டுப் போயின. நாலு பேரும் அப்படியே உட்கார்ந்தார்கள். ஜெனோவின் வீட்டு வாசலிலிருந்து நிஜக் கடல் நடக்கிற தூரம்தான். அதற்காக இது இல்லாமல் போய்விடுமா?

கண்ணாடியைக் கழற்றியபோது மாடிப்படி அருகே அம்மா நின்றிருந்தாள். மிக்ஸி நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. கையில் ஒரு செம்பு தண்ணீர்.

"ஏட்டி, இன்டர்வியூன்னு ஒரு வார்த்த சொல்லப்புடாதா? நாங்கேட்டுட்டு மிக்ஸிய அமத்திட்டேன். இங்கிலீசெல்லாம் பிச்சு ஒதறிட்ட போ. அது சரி, எடுத்த எடுப்புலயே எதுக்கு அவுங்கள 'வால'ன்னு வைத?"

ஜெனோ சிரித்துச் சிரித்துத் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் துறைமுகத்துப் பக்கம் நிஜமாகவே ஒரு தேர்வு இருந்தது. பின்னால் திரை. மணிக்கட்டில் காப்பு. நூற்று நாற்பத்திரண்டு. "ரிலாக்ஸ்" என்றார் ஒருவர். "பரவால்ல சார், அது பாட்டுக்கு அடிக்கும்" என்றாள் ஜெனோ. எந்த ஊர் என்று சொன்னாள். அப்பா, அம்மா, பொழுதுபோக்கு, பலம், பலவீனம், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வேலை கிடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தாள்.

கோட்டைக்குள்ளேயோ எல்லாம் தலைகீழாகிவிட்டது. செய்தி பரவ ரெண்டு நாள் ஆகவில்லை. எல்லாப் பலகையிலும் சிவப்புக்குக் கிராக்கி. நேற்றுவரை மாத்திரை போட்டுப் பச்சையானவர்கள், இன்றைக்கு மொட்டைமாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கிவிட்டு, மூச்சு வாங்க வந்து நின்றார்கள். 'சிவப்பு இங்கே, சிவப்பு இங்கே' என்று கதவடியில் ஒரே கூச்சல். இறைத்த மூச்சு அடங்கியதும் அவர்கள் சுடர் பச்சைக்கு வழிந்துவிடும். நிஜப் பயக்காரன் அப்படியில்லை. நிற்க நிற்க ஏறும். ஜெனோவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோட்டை இருந்தது, இன்னொரு பெரிய மூக்கும் இருந்தது. மறுபடி வேட்டைக்குக் கிளம்பியபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஜெனோவின் சுடர் எண்பத்து நாலில் நின்றது. மைக்கைத் திறந்தாள். எண்பத்து நாலு. தன்னைப் பற்றி முழுசாக ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். எண்பத்தாறு.

"நாசமாப் போச்சு" என்றான் கருவாடு. "பொண்ணு தேறிட்சு. இப்ப மோப்பனுக்கு யார வெச்சுப் பந்தி போடறது?"

"வேற ஒரு ஆள் பாப்பம்" என்றார் டொக்டர். "தலைவரும் ஆளைக் காணேல்ல. வெக்கத்தில ஒளிச்சிட்டார் போல."

உண்மைதான். அன்றைக்குக் கடலைப் பார்த்துவிட்டுப் போன இடிமுழக்கம், பிறகு கோட்டைப் பக்கம் வரவே இல்லை.

ஜெனோ பலகைக்குப் போனாள். யோசித்து எழுதினாள்.

'மோப்பன் வேட்டை. ஆள் தேவை. சிவப்பு மட்டும். மாடிப்படி ஏறி வந்தவர்கள் தள்ளி நிற்கவும்.'

மூச்சிரைத்துக்கொண்டு நின்ற கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. கலைந்த இடத்தில், கதவுக்கு ரொம்பத் தள்ளி, ஒரே ஒரு ஆள் மிச்சமாக நின்றிருந்தார். புதுசாகத் தைத்த கனமான கவசம். அதை மாட்டிக்கொள்ளத் தெரியாமல் ஒரு பக்கம் கோணலாகத் தொங்கியது. தலைக்கு மேல் சுடர் சிவப்பாக எரிந்தது. நூற்று முப்பத்தெட்டு. அவள் பார்க்கப் பார்க்க நூற்று நாற்பது.

பெயரைப் பார்த்தாள். இடிமுழக்கம்.

அப்போது மாலை ஆறு மணி. மச்சான் மில்லுக்குக் கிளம்பிப் போயிருப்பார்.

"ஏனுங்" என்றது குரல், லேசாக நடுங்கிக்கொண்டு. "இந்த வேட்டைக்கு... புது ஆளுங்களச் சேத்துக்குவீங்களா?"

ஜெனோ அவரிடம் நடந்து போனாள். கோணலாகத் தொங்கிய கவசத்தின் வாரை இழுத்து நேராக்கினாள்.

"வாங்கண்ணே" என்றாள். "கால மட்டும் பாத்துக்கிடுங்க."